ஈரம் படாத சேலை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை, கோமு சொன்னது. பாளையங்கோட்டையில் ஒரே அலுவலகத்தில், ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்பதைத் தவிர எனக்கு இதில் எந்த உரிமையும் கிடையாது. ஒரு மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு, "மீரான் சார், நீங்க கதை எழுதுவீயள்லா? எனக்கு ஒண்ணு எழுதித் தரணும். முடிவு நான் சொல்லுதேன்" என்றாள். முடிவோடு வருகிற கதையை எந்த எழுத்தாளன் வேண்டாம் என்பான்? சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் முழுசையும் சொன்னாள். அன்றைக்குச் சாயங்காலம் மேலப்பாளையம் பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால் நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தக் கதையைப் படிக்கக் கூடாத ஒருவர் இருக்கிறார். அவர் படிக்க மாட்டார் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே பெயர்களை மாற்றியிருக்கிறேன், இன்னும் சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். எவையெவை என்று கேட்காதீர்கள். நடுவில் சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். அச்சுக்காரர் மேல் பழி போட வேண்டாம், நான்தான் நிறுத்தினேன்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"ஞாயிற்றுக்கிழமை காலை, பாபநாசம் படித்துறையில், நாலாவது படியில் ஒரு —"

[சேலையின் நிறத்தை எழுதப் போனேன். விட்டுவிட்டேன்.]

இரண்டாவது தொடக்கம்:

"கோமுவுக்கு எதைப் பார்த்தாலும் அதில் ஓர் அர்த்தம் தெரியும்."

இதில் யாருக்கும் ஆபத்து இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் தினமும் காலையில் சிட்டி பஸ்ஸில் வரும்போதே கைபேசியில் இரண்டு நிமிடம் பேசி ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவாள். 'இன்றைக்கு ஒன்று' என்று பெயர். மளிகைக்கடைக்காரர் ஒருவர் எதை நிறுப்பதற்கு முன்னாலும் வெறும் தராசை ஒரு தட்டு தட்டிப் பார்ப்பாராம். மற்றவர்களை எடை போடுவதற்கு முன்னால் நாமும் நம் வெறும் தட்டு நேராக நிற்கிறதா என்று பார்க்க வேண்டாமா? இப்படிப் போகும். ஊறப்போட்ட உளுந்திலிருந்து, ரிப்பேருக்குப் போன குடையிலிருந்து, பேனா மூடியிலிருந்து எதிலிருந்தாவது ஒரு தத்துவத்தை உருவி எடுத்துவிடுவாள். எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். தராசு தராசாக இருந்துவிட்டுப் போகட்டுமே, அதை ஏன் நம்முடைய பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சேர்க்க வேண்டும்? ஆனாலும் ஒருநாள் தவறாமல் கேட்டேன். என்னைப் போலப் பல ஊர்களில் பல பேர் கேட்டார்கள்.

அவர்களில் ஒருத்திக்குக் கலையரசி என்று பெயர் வைக்கிறேன். கோமு அவளைப் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பேச்சுக்கும் அவளிடமிருந்து ஒரு வரி பதில் வந்துவிடும். 'இன்னைக்கு மனசுக்கு நல்லா இருந்துச்சு அக்கா.' 'இதை நெனச்சுக்கிட்டே சமைச்சேன் அக்கா.' அதனால் கோமு அவள் எண்ணைப் பெயரோடு சேமித்து வைத்திருந்தாள்.

3

பாபநாசத்துக்கு வந்து ஆற்றில் முழுகுகிறவர்களில் பலபேர், உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு மாற்றுத்துணி உடுத்திக்கொண்டு போவார்கள். பாவமோ பீடையோ அந்தத் துணியோடு போய்விடும் என்று நம்பிக்கை.*

கோமு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போவாள். குளிப்பதற்கும்தான், பேசுவதற்குச் சரக்கு தேடுவதற்கும்தான். அன்றைக்கும் போனாள். படிகளிலும் பாறை இடுக்கிலும் ஈரத்துணி குவிந்து கிடந்தது. அதற்கு நடுவில் ஒரு சேலை மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது. ஜாக்கெட் அதற்கு உள்ளே. காற்றில் பறந்துவிடாமல் இருக்க மேலே ஒரு ஜோடிச் செருப்பு. கோமு குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

இங்கேதான் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு நாலைந்து நாள் சும்மா இருந்தேன். வேறு எந்த ஆற்றங்கரையிலாவது ஒரு சேலையும் செருப்பும் மட்டும் கிடந்தால் என்ன ஆகும்? கூட்டம் கூடும். யாராவது சத்தம் போடுவார்கள், யாராவது தண்ணீரில் குதித்துத் தேடுவார்கள். இங்கே அப்படி இல்லை. இந்தப் படித்துறையில் துணி கிடப்பது மரத்தடியில் சருகு கிடப்பது போலத்தான். கோமுவும் ஆற்றைப் பார்த்தாள். நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். துணி கிடந்ததைப் பற்றி யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை. அவளுக்கும் இல்லை. அவளுக்குத் தோன்றியது ஓர் அர்த்தம்தான்.

படம் எடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினாள்: "எல்லாரும் பழசை உதறிப் போட்டுட்டுப் போவாங்க. இங்க ஒருத்தங்க மடிச்சு வெச்சுட்டுப் போயிருக்காங்க. விடும்போதும் ஒரு மரியாதை. நாம எதை விட்டாலும் இப்படி விடணும்." பின்னணியில் ஆற்றின் இரைச்சல் நன்றாக விழுந்திருந்தது. படத்தோடு சேர்த்துக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள்.

(* மேலப்பாளையத்துக்காரனான எனக்கு இது தெரியாது. கோமு சொல்லித்தான் தெரிந்தது. ஆற்றுக்குக் கேடு, போடாதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அந்தப் பலகைக்குக் கீழேயும் துணி கிடக்குமாம்.)

4

பஸ்ஸில் கூட்டம் இல்லை. கோமுவுக்கு முன் இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். புதுச் சுடிதார். கடையில் மடித்து வைத்திருந்த கோடுகள் முதுகில் இன்னும் அப்படியே தெரிந்தன. காலில் செருப்பு இல்லை.

[நீங்கள் இப்போதே கண்டுபிடித்துவிட்டீர்கள். கோமுவுக்கு இன்னும் தெரியவில்லை. இதை நம்புவது கஷ்டம் என்று அவளிடமே சொன்னேன். "சார், எனக்கு அந்தக் காலைப் பாத்ததும் நேர்த்திக்கடன்னுதான் தோணுச்சு. நாளைக்குப் பேச ஒண்ணு கெடச்சுதுன்னு சந்தோசப்பட்டேன்" என்றாள்.]

செருப்பில்லாத கால் பூமியைக் கேட்டுக்கொண்டே நடக்கும் என்கிற மாதிரி ஒரு வாக்கியம் அவள் மனதில் ஓடியிருக்கிறது. இருக்கைக்குக் கீழே கைபேசியை நீட்டி அந்தக் கால்களையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். ஒரே பஸ்ஸில் இரண்டு பேரும் வந்தது கதைக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைக்காதீர்கள். அந்த நேரத்தில் அங்கிருந்து கிளம்புகிற பஸ் அவ்வளவு ஒன்றும் இல்லை. அது போகிற வழியோ —

5

[இந்தப் பகுதியில் பஸ் எந்த வழியாகப் போனது என்று இருந்தது. எடுத்துவிட்டேன். பாலம், வயல், தேநீர்க்கடை எல்லாம் நன்றாக வந்திருந்தன. கொஞ்சம் வருத்தம்தான்.]

6

கைபேசி அடித்தது. திரையில் கலையரசி என்ற பெயர். ஒருநாளும் அவள் கூப்பிட்டதில்லை. கோமு சந்தோஷமாக எடுத்தாள்.

"சொல்லும்மா கலையரசி!"

முன் இருக்கைப் பெண்ணின் தோள் தூக்கிப்போட்டது. சட்டென்று திரும்பினாள். கோமுவின் முகத்தைப் பார்த்தாள், காதில் இருந்த கைபேசியைப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

கைபேசியில் ஓர் ஆணின் குரல் பேசியது. மெதுவான, மரியாதையான குரல். அவனுக்கு வன்னியராஜ் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

"அக்கா, நான் அவ வீட்டுக்காரன் பேசுதேன். அவ போனை வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டா. ஒங்க போட்டோ இப்பந்தான் வந்துச்சு. நல்லாப் பேசியிருக்கீய."

"ம்."

"அந்தச் சேலை எங்க வீட்டுச் சேலைக்கா. நான் எடுத்துக் குடுத்தது."

கோமுவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. மடித்த சேலை, அதன்மேல் செருப்பு, முன்னால் இருக்கிற வெறுங்கால். அந்தப் பெண் தலையை ஆட்டவும் இல்லை, வேண்டாம் என்று கையைக் காட்டவும் இல்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமு ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகப் பேசினாள்.

"ஐயோ தம்பி… அங்கன யாரையும் காணலியே. ஆத்துல கீத்துல…"

"ஆத்துல எல்லாம் எறங்க மாட்டாக்கா. அவளுக்கு அம்புட்டுத் தைரியம் கிடையாது. அங்கன எந்த பஸ்ஸு நின்னுச்சு? அதை மட்டும் சொல்லுங்க."

இந்த இடத்தைக் கோமு என்னிடம் மூன்று தடவை சொன்னாள். தன் மனைவியின் சேலையும் செருப்பும் ஆற்றங்கரையில் கிடப்பதைப் படத்தில் பார்த்த ஒருவன், அவள் உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கவில்லை. கேட்டது பஸ்ஸைப் பற்றி. இத்தனை நாளில் தான் கண்டுபிடித்த அர்த்தங்களில் இது ஒன்றுதான் உண்மையானது என்றாள். மற்றதெல்லாம் அவளாகப் போட்டுக்கொண்டது. இதை யாரும் போட வேண்டியிருக்கவில்லை.

"நான் இன்னும் படித்துறையிலதான் இருக்கேன். இங்கன பஸ்ஸு ஒண்ணும் தெரியலை" என்றாள் கோமு. கோமு பொய் சொல்லிப் பழகாதவள். குரல் கடைசியில் கீச்சென்று போய்விட்டது.



"ஆரன் சத்தம் கேக்குதேக்கா."

அதே சமயம் கண்டக்டர் படியில் நின்றுகொண்டு விசிலை ஊதி, "———— எறங்கு! ———— எல்லாம் முன்னால வந்துரு!" என்று ஊர்ப்பெயரைச் சொல்லிக் கத்தினார். கோமு கைபேசியை மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். பிறகுதான் அழைப்பைத் துண்டிக்கலாம் என்று தோன்றித் துண்டித்தாள். அந்த ஊர்ப்பெயர் அவன் காதில் விழுந்ததா, இல்லையா? இன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது.

7

அந்தப் பெண் எழுந்து வந்து கோமுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, ஒங்க கொரல் தெரிஞ்சுது. தெனமும் கேப்பேன்" என்றாள். கோமு படத்தைப் பற்றிச் சொன்னதும், "என் சேலையவா போட்டோ எடுத்தீய?" என்றாள்.

"ஒன்னோடதுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஏன் அதை அங்கன வெச்சே? பையில போட்டுக்கிட்டு வந்திருக்கலாம்லா?"

"நீங்கதானக்கா சொன்னீய. ஆத்துல துணிய விடுதது சும்மா சடங்கு இல்ல, இத்தோட முடிஞ்சுதுன்னு ஒடம்புக்குச் சொல்லுததுன்னு. அந்தச் சேலைய எடுத்துக்கிட்டுப் போனா அவுகளும் கூட வாற மாதிரி இருந்துச்சு. பாத்ரூம்ல துணிய மாத்திக்கிட்டு வந்து விட்டுட்டேன். முழுக நேரம் இல்ல. அப்படியே மடிச்சு வெச்சேன்."

கோமு அதைச் சொன்னது உண்மை. எப்போதோ ஒரு காலையில், வண்ணாரப்பேட்டை நெரிசலில் பஸ் நின்றபோது, இரண்டு நிமிடத்தை நிரப்ப வேண்டுமே என்று சொன்னது. சொல்லிவிட்டு மறந்தும் போனாள். அந்தப் பெண் மறக்கவில்லை. ஒரே ஒரு தடவை அந்தச் சேலையைத் தண்ணீரில் முக்கி எடுத்துப் போட்டிருந்தால், அது மற்ற ஈரத்துணியோடு துணியாகக் கிடந்திருக்கும். கோமுவின் கண்ணில் பட்டிருக்காது.

இதற்கு அடுத்து நான் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"கோமு குனிந்து தன் செருப்பைக் கழற்றினாள். 'போட்டுக்கோ' என்று அந்தப் பெண்ணின் காலடியில் வைத்தாள். இருவர் கண்ணிலும் —"

கோமு படித்துவிட்டுத் தாளை மேசைமேல் வைத்தாள். "இது நடக்கலை சார்" என்றாள்.

"நடந்திருந்தா நல்லா இருக்கும்லா?"

"நல்லா இருக்கும். எனக்கு அப்ப என்ன தோணுச்சு தெரியுமா? இவ ஏன் என் பக்கத்துல வந்து உக்காந்தா, எந்திரிச்சுப் பின்னால போயிரலாமான்னு தோணுச்சு. அவன் ஏதாவது பைக்ல முன்னால வந்து நின்னு எங்க ரெண்டு பேரையும் சேத்துப் பாத்துட்டான்னா? செருப்பு ஞாபகம் எங்கன வரும்?"

அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்: அந்தப் பெண் கேட்காமலேயே கோமு கால்களின் படத்தை அழித்தாள். குழுவுக்கு அனுப்பியதையும் அழித்தாள். ஆனால் அதற்குள் அது எத்தனையோ பேருக்குப் போய்விட்டது. 'அருமையான சிந்தனை' என்று கும்பிட்ட கைகளாகப் பதில்கள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் ஓர் ஊரில் இறங்கினாள். கண்டக்டர் கத்திய ஊரா, வேறு ஊரா என்று சொல்ல மாட்டேன். இறங்கும்போது, "நாளைக்கும் பேசுங்கக்கா. நிறுத்தினீயன்னா அவுக சந்தேகப்படுவாக" என்றாள்.

8

கோமு நிறுத்தவில்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் கேட்கிறவர்களுக்கே வித்தியாசம் தெரிகிறது. மளிகைக்கடை இல்லை, பஸ் இல்லை, மனிதர்கள் இல்லை. உப்பைப் பற்றிப் பேசுகிறாள், மேகத்தைப் பற்றிப் பேசுகிறாள். "ஒரு காக்காயப் பத்திப் பேசணும்னாலும் எந்த ஊர்க் காக்கான்னு கேப்பானோன்னு இருக்கு சார்" என்றாள்.

ஏனென்றால் அவனும் கேட்கிறான். மனைவியின் கைபேசியில் தினமும் கேட்கிறான். ஒரு திங்கட்கிழமை, எப்படிக் கண்டுபிடித்தானோ, அலுவலகத்துக்கே வந்துவிட்டான். நான் பார்த்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் சாத்துக்குடிப் பை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, கூட்டம் குறைந்ததும் கோமுவின் மேசைக்கு வந்தான்.

"அக்கா, வன்னியராஜ். போன்ல பேசினோம்லா?" என்று பழத்தை மேசையில் வைத்தான். "அன்னைக்குப் படித்துறையிலதான் இருந்தேன்னு சொன்னீய."

"ஆமா தம்பி."

"அவ ஏதாவது பேசினாச் சொல்லுங்க. கோவம் ஒண்ணும் இல்ல. வந்தாப் போதும்." போகும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "சார் கதை எழுதுவாகளாமே?" என்றான்.

அதை யார் அவனிடம் சொன்னது என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கும் சரியாகத் தூக்கம் இல்லை. இதுவரைக்கும் கதை எழுதுவது யாரையும் தொந்தரவு செய்யாத காரியம் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னச் சின்ன விஷயங்களைக் கவனிப்பது நல்ல மனதின் அடையாளம் என்று மேடையில்கூடப் பேசியிருக்கிறேன். அந்த ஆளும் கவனிக்கிறான். ஆரன் சத்தத்தைக் கவனித்தான். நானும் கோமுவும் பார்க்கிற அதே விஷயங்களைத்தான் அவனும் பார்க்கிறான்.

9

கோமு கேட்ட முடிவு இதுதான்: அந்தப் பெண் ஆற்றில் போய்விட்டாள். உடம்பு எங்கோ கீழே ஒதுங்கியது. "அப்படி எழுதிருங்க சார். அவன் படிக்கட்டும். நம்பித் தொலையட்டும். தேடுதத விட்டுருவான்லா?"

நியாயமாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தேன்.

"மூன்றாம் நாள் காலை, தடுப்பணைக்குப் பக்கத்தில், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் முதலில் பார்த்தது —"

என் கை நின்றுவிட்டது. எங்கள் வீடுகளில் நடக்கக் கூடாதது வாயில் வரக் கூடாது என்பார்கள். மலக்குமார், அதாவது வானவர்கள், சுற்றிக்கொண்டிருப்பார்கள், நாம் சொல்லும்போது அவர்கள் ஆமீன் சொல்லிவிட்டால் அது நடந்துவிடும். கோமுவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "எங்க வீட்டுலயும் உண்டு சார். ததாஸ்து, அப்படியே ஆகட்டும்னு தேவதை சொல்லிரும்பாக" என்றாள். படித்தவர்கள் இரண்டு பேர், சம்பளம் வாங்குகிறவர்கள், அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாக்கியத்துக்குப் பயந்தோம். அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று எங்களுக்கு எந்தத் தகவலும் இல்லை. தகவல் இல்லாதபோது ஒருத்தியைக் கதையில் கொல்ல முடியவில்லை.

இரண்டாவது முடிவு: அவள் நன்றாக இருக்கிறாள். ஒரு துணிக்கடையில் வேலை. வாசலில் —

[கடையின் வாசலில் என்ன இருந்தது என்று எழுதத் தொடங்கினால் அது ஏதோ ஓர் ஊரின் வாசலாகிவிடுகிறது. நாங்குநேரி என்று எழுதினால் அவன் நாங்குநேரிக்குப் போவான். ஆழ்வார்குறிச்சி என்றால் அங்கே போவான். நான் கற்பனையாக எழுதிய ஊரில் உண்மையாகவே அவள் இருந்துவிட்டால்?]

மூன்றாவது முடிவு: வன்னியராஜ் மனம் திருந்துகிறான். இதைக் கோமுவிடம் வாசித்தே காட்டவில்லை. சாத்துக்குடிப் பையை நான் நேரில் பார்த்தவன்.

10

ஆக, செத்தாள் என்று எழுதினால் பலித்துவிடுமோ என்று பயம். இருக்கிறாள் என்று எழுதினால் அவன் போய் நிற்பானோ என்று பயம். எழுதாமலே இருந்திருக்கலாம். ஆனால் எழுதாவிட்டால் அவளைப் பற்றி நினைக்க அவன் ஒருவன் மட்டும்தான் இருப்பான். அது எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது. இன்னும் நாலு பேர் அவளை நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை அச்சுக்குக் கொடுக்கிறேன்.

கதைக்குள் பஸ் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. கோமுவின் மடியில் கைபேசி மறுபடியும் அடிக்கிறது, அவள் எடுக்கவில்லை. அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு படிக்குப் பக்கத்தில் போய் நிற்கிறாள். அவளை எங்கே இறக்குவது என்று என்னால் தீர்மானிக்க முடியாது. என் கையில் இருப்பது எழுத்து, எழுத்தை அவன் படிப்பான். உங்கள் மனதுக்குள் இருப்பதை அவனால் படிக்க முடியாது.

உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஓர் ஊரில், விசாரிக்காமல் சோறு போடுகிற ஆள் யாராவது இருக்கிற ஊரில், அவளை இறக்கிவிடுங்கள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்ல வேண்டாம்.